ஆறாவது பிழைக்குப் பிறகு

தட்டைச் செருகினால் போதும்,
சுட்டி நடுத்திரையில் நின்றுவிடும்.
'சோதனை' என்று நான் அடித்து முடித்துக்
கோப்பியை ஒரு மிடறு குடித்த பிறகுதான்
'சோ' வரும்.
மிச்சம் அதன் இஷ்டம்.

புக்கிட் பாஞ்சாங், பதினோராம் மாடி.
ஞாயிற்றுக்கிழமை, விசிறி மூன்றில்.
அவர் துறைமுகத்தில், பகல் ஷிப்ட்.
மூன்று வருடத்துக்கு முன் என் தம்பி சிக்கந்தர்
உதிரி வாங்கி மாட்டித் தந்த பெட்டி
என் முழங்கால்களுக்கு நடுவே
மல்லாந்து கிடக்கிறது.

முதலில் வைரஸ் என்று நினைத்தேன்.
ராத்திரி முழுக்கத் தேடி
விடியற்காலையில் 'ஒன்றுமில்லை' என்றது.
நினைவகம் போதவில்லை என்றார்
சிம் லிம் ஸ்குவேர் கடைக்காரர்,
விலையையும் அதே மூச்சில் சொன்னார்.
போட்டேன்.
புது நினைவகம், பழைய ஆமை.

உள்ளே தூசி. ஒரு பல்லி முட்டையின் ஓடு.
சாம்பல் நாடா ஒன்றில் வன்தட்டும் சிடி ரைட்டரும்
ஒரே கயிற்றில் கட்டிய இரண்டு ஆடு.
புருவம் பிடுங்கும் இடுக்கியால்
ஜம்பரை மாற்றினேன்: மாஸ்டர், ஸ்லேவ்,
மறுபடி மாஸ்டர்.
ரைட்டரைக் கழற்றினால் கணினி பறக்கிறது.
மாட்டினால் ஊர்கிறது.

வாயைத் திறக்க மாட்டேன் என்றது.
பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி
அந்த ஊசித் துளையில் குத்தினேன்.
வெளியே வந்த தட்டில் மார்க்கர் எழுத்து:
'சிக்கந்தர் பாட்டு', அதை அடித்து
'சிக்கந்தர் வேலை மனு', அதையும் அடித்து
'கடைக் கணக்கு'. அதன் மேலும் ஒரு கோடு.
ஆயிரம் முறை அழித்தெழுதலாம் என்று
உறையில் போட்டிருந்தார்கள்.
அடியில் நகக்கீறல் போல மூன்று வட்டம்.

அலுவலக செங் ஹுவாவுக்குப் போன் போட்டேன்.
"ஆறு தடவை தடுமாறினால் விண்டோஸ் அதை நம்பாது.
யாரிடமும் சொல்லாமல்
மெதுவான வழியில் இறக்கிவிடும்.
அப்புறம் ஒழுங்காகப் படித்தாலும்
தானாக மேலே ஏற்றாது."

போனை வைத்துவிட்டு எண்ணினேன்,
எண்ணக் கூடாதென்றுதான் இருந்தேன்.
டாக்சி வாடகை பாக்கி.
ஜொகூரில் கைப்பேசிக் கடை.
அந்தக் கடையின் கரண்ட் பில்.
பல்.
பல் என்று சொன்ன இன்னொன்று.
ஆறாவது எது?
அவனிடம் என் பேச்சு
"ம்", "சரி", "மச்சான் தூங்குறார்" என்று இறங்கி
ஒரு வருடம் ஆகிறது.
காரணம் மட்டும் வரவில்லை.
இந்தப் பெட்டி தேவலாம்,
கணக்காவது வைத்திருக்கிறது.

மருந்து சின்னதுதான்.
அந்தச் சேனலையே நீக்கு.
உறுதியா, என்று கேட்டது.
உறுதி.
அணைந்து எழுந்து
'புதிய சாதனம் கண்டறியப்பட்டது' என்றது,
மூன்று வருடமாக அதே வயிற்றில் கிடந்ததைப் பார்த்து.
சோதனை, சோதனை, சோதனை.
விரலுக்கு முன்னால் எழுத்து.

கீறல் தட்டை நூலில் கட்டி
அடுக்களைச் சன்னலில் தொங்கவிட்டேன்,
மைனா வராது.
எதிர் புளோக்கின் சுவரில்
ஒரு வெளிச்சப் பொட்டு
துணிக்கம்பு துணிக்கம்பாக ஏறி இறங்கியது.

மூடிய பிறகு பார்த்தால்
ஒரு திருகாணி மிச்சம்.
எந்தத் துளையும் காலியில்லை.

ஏழு மணிக்குப் போன் அடித்தது. அதே எண்.
திருகாணி உள்ளங்கையில் இருக்க, எடுத்தேன்.
"லாத்தா..." என்று இழுத்து
வழக்கமான இடத்தில் நிறுத்தினான்.
"இந்தப் பெட்டிய நீதானே மாட்டுன," என்றேன்,
"ஒரு ஸ்க்ரூ மிஞ்சிருக்குடா."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பின்னால் பேருந்து ஒன்று மூச்சு விட்டுக் கிளம்பியது.
"நான் மாட்டுனப்பவும்
ஒண்ணு மிஞ்சுச்சு, லாத்தா."